மெர்சிங் ஜெட்டி அருகே இரண்டு டம்ளர் கசப்பு லாகர்

அன்று இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் நான் இருந்தேன், நான் இல்லை என்று மாற்றிப் பேசக் கூடாது. நான், பார்வதி, வயது எழுபத்தொன்று, ஊர் மாசாய். என் தங்கை ராசம்மா. என் மகளின் மகள் யாழினி, சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வேன் ஓட்டிய ஹமீது. மெர்சிங் கடைக்காரர் ஆ கியோங். என் கைப்பைக்குள் படமாக என் வீட்டுக்காரர். கடைசியாக இன்னொருவரும் வந்தார். அவர் பெயரை அவர் வரும் இடத்தில் எழுதுகிறேன்.

போன வருடம் மாசி மாதம் என் வீட்டுக்காரர் இறந்தார். இந்த மாசியில் அவருக்கு முதல் வருடத் திதி. எங்கள் வீட்டில் திதி என்றால் படையல். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் வாழை இலையில் வைப்போம். பீர் குடித்தவர் என்றால் பீரையும் டம்ளரில் ஊற்றி வைப்போம். விளக்கை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்போம். கால் மணி நேரம் கழித்து, கதவை மூன்று முறை தட்டிவிட்டுத் திறப்போம். தட்டுவது என் அம்மா வைத்த பழக்கம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பாள். மற்ற வீடுகளில் கதவைச் சாத்துவார்கள், தட்ட மாட்டார்கள். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

திதிக்காக அவருடைய நல்ல சட்டையை எடுத்து உதறியபோது, பையிலிருந்து ஒரு வட்ட அட்டை விழுந்தது. பீர் டம்ளருக்கு அடியில் வைப்பார்களே, அது. அதில் ஒரு கணவாய் மீன் படம், மெர்சிங்கில் ஒரு கடையின் பெயர். யாழினி படித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது கிராஃப்ட் பீர் விக்கிற கடை. தாத்தா செம ஆளுதான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அவர் சிம்பாங் ரெங்கம் கோயில் கூட்டத்துக்குப் போவார். சாகிற வரைக்கும் பதினெட்டு வருடமும் அப்படித்தான். சாயங்காலம் திரும்பும்போது திருநீற்றுப் பொட்டலம் ஒன்று கொண்டுவருவார். நானும் வாங்கிப் பூசிக்கொள்வேன். சிம்பாங் ரெங்கம் எந்தப் பக்கம், மெர்சிங் எந்தப் பக்கம்!

மெர்சிங் என்ற பெயரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. என் ஒரே மகன் குமரன் அங்கேதான் போனான். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. செல்வி என்ற பெண்ணைக் கட்டப்போகிறேன் என்றான். அவள் அம்மா முனியம்மா, நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் குழாயடியில் ஊரே கேட்க என்னைக் கோழி திருடி என்று சொன்னவள். அவள் மகள் என் வீட்டுக்கு மருமகளா? "அவளைக் கட்டினால் நீ செத்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்" என்றேன். செவ்வாய்க்கிழமை, மத்தியானம், அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொன்ன ஒரு சொல்லும் மறக்கவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாலு மாதம் கழித்து, மழைக்காலத்தில், என் வீட்டுக்காரர் அவனைத் தேடி மெர்சிங்குக்குப் போனார். மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். மீன்பிடிப் படகில் போனானாம், படகு கவிழ்ந்ததாம், உடல் கிடைக்கவில்லையாம். கடற்கரையிலேயே காரியம் முடித்துவிட்டேன் என்றார்.

அன்றிலிருந்து ஆவணி தோறும் குமரனுக்குப் படையல் வைக்கிறேன். கோழிக்குழம்பு, வறுத்த கணவாய், ஒரு டம்ளர் பீர். மற்றவர்களுக்கு வைத்தால் ஏதாவது ஒரு அடையாளம் தெரியும். இலையில் ஒரு பருக்கை நகர்ந்திருக்கும், டம்ளரில் கொஞ்சம் குறைந்திருக்கும். குமரனுக்கு வைத்ததில் ஒரு சொட்டும் குறைந்ததில்லை. இலையை வெளியே வைத்தால் காக்கையும் தொடாது. "இன்னும் கோவமா இருக்கான் அக்கா" என்பாள் ராசம்மா. சாகிற வரைக்கும் கோபம் போகவில்லை, செத்த பிறகும் போகவில்லை என்று நானும் நம்பினேன். நான் சாவதற்குள் என் கையால் வைத்த ஒரு வாயை அவன் ஏற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

ஆகவே இந்தப் பயணத்துக்கு இரண்டு காரணம். வீட்டுக்காரருக்குப் பிடித்த அந்தப் பீரை வாங்கித் திதிக்கு வைப்பது. அதிலேயே ஒரு டின்னை மெர்சிங் கடலில் என் மகனுக்கு ஊற்றுவது. வீட்டில் வைத்தால்தானே வாங்க மாட்டேன் என்கிறான்.

பிப்ரவரி மாதம், முதல் ஞாயிறு, காலை 6.40க்கு மாசாயிலிருந்து புறப்பட்டோம். யாழினிக்கு அன்றுதான் லீவு. ஹமீது எங்கள் வரிசை வீட்டுக்குப் பின்னால் இருப்பவன், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். போக வர 280 வெள்ளி, வண்டி எண்ணெய் அவன் செலவு. பேருந்தில் போனால் குறைவு. ஆனால் ஜொகூர் பாரு போய் ஏற வேண்டும், ராசம்மாவின் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது.

7.30க்குக் கோத்தா திங்கி. இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், இதற்குப் பிறகு நல்ல கடைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பெரிய சாலை முனையில் ஒரு தோசைக் கடை உண்டு. அதில் நாங்கள் சாப்பிடவில்லை. இருபத்தாறு வருடம் முன்பு அந்தக் கடையில் எனக்குப் புளித்த சட்னி வைத்தார்கள். எதிர்க் கடையில் ஆளுக்கு இரண்டு தோசை, தேத்தண்ணீர், நாலு பேருக்கு 26 வெள்ளி 40 காசு. கழிவறை சுத்தம்.

கோத்தா திங்கியைத் தாண்டியதும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம்தான். இடப்பக்கம் செம்பனை, வலப்பக்கம் செம்பனை. அன்று லேசான மழை, கூடவே மூடுபனி. மரங்களின் அடித்தண்டு மட்டும் வரிசையாகத் தெரிந்தது, தலை தெரியவில்லை. யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகை வரும். அங்கே ஹமீது வேகத்தைக் குறைத்தான். ஒரு மணி நேரத்தில் எதிரே ஏழு வண்டி வந்தது. ஏழும் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. யாழினியின் கைப்பேசியில் சிக்னல் கோடு போய்விட்டது, வழி காட்டும் பெண் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

"நேராத்தான் ரோடு, அவ சொல்லித்தான் போவணுமா?" என்றான் ஹமீது.

ஒரு வளைவில் சிவப்புத் துணி கட்டிய மரமும் அதன் அடியில் ஒரு சின்ன முனி மேடையும் இருந்தன. மேடையில் யாரோ வைத்த சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அந்த மழையில், சுற்றிலும் ஆள் இல்லாமல், வண்டி இல்லாமல், புகைந்துகொண்டிருந்தது. ராசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிடலாம் அக்கா. எனக்குச் சரியாப் படல."

"எதுதான் உனக்குச் சரியாப் பட்டுச்சு? என் மக கல்யாணத்துக்கு எடுத்த பொடவயும் சரியாப் படலன்னுதான் சொன்ன."

"அலமாக்! இருபத்தஞ்சு வருசம் ஆச்சுக்கா."

"பச்சைக் கலரு, அரக்கு கரை. அறுபத்தஞ்சு வெள்ளி. நான் மறக்கல."

ஜெமாலுவாங் 9.40. பழைய கடை வீடுகள் ஒரு வரிசை, பாதிக்குக் கதவு இல்லை. மெர்சிங் 10.05. மாசாயிலிருந்து ஹமீதின் மீட்டரில் 131 கிலோமீட்டர்.

தீவுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். மழைக்காலத்தில் படகு ஓடாது. நாங்கள் போனபோது ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், டிக்கெட் ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள். கடல் சாம்பல் நிறம். எங்கே கடல் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டிப்போட்ட படகுகள் ஒன்றையொன்று இடித்து, கதவை யாரோ தட்டுவது போலச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக நான் கனவில் பார்த்த இடம். கனவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடலைப் பார்த்துக் குமரா என்று கூப்பிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் யாழினி இருந்ததால் கூப்பிடவில்லை.

கணவாய்ப் படம் போட்ட கடை ஜெட்டியிலிருந்து 300 அடி, மீன் கிடங்குக்குப் பின்னால். பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். ஆறு மேசை. ஹமீது உள்ளே வரவில்லை. பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டான். ஒரு சீனர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், "வாங்க ஆயா, மழையில நனையாதீங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுத்தமான தோட்டத்துத் தமிழ்.

அவர்தான் ஆ கியோங். அப்பா சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். கூட விளையாடியதெல்லாம் நம் பிள்ளைகள்தானாம். இந்தக் கடையை ஆறு மாதத்துக்கு முன்புதான் அண்ணனிடமிருந்து வாங்கி நடத்துகிறார்.

"ஒரு பீர் வாங்க வந்தோம்" என்று அட்டையைக் காட்டினேன். "இந்தக் கடைக்கு வந்து என் வீட்டுக்காரர் என்ன குடிச்சிருப்பாரோ, அது வேணும். படைக்கிறதுக்கு."

"வயசானவங்க இங்க குடிக்கிறது ஒண்ணுதான் ஆயா. லாகர். ஆனா சும்மா லாகர் இல்ல, ஹாப்ஸ்னு ஒரு பூவு, அத நெறயப் போட்டது. சிங்கப்பூர்ல சின்ன ஃபேக்டரியில செய்றாங்க. டம்ளர் 28 வெள்ளி, டின்னு 22. மொதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க."

"நானா?"

"வாய்ல வச்சுப் பாக்காம படைப்பீங்களா? உப்பு இருக்கா இல்லயான்னே தெரியாம கொழம்பு வைக்கிற மாதிரி லா."

படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆனால் குழாயிலிருந்து ஊற்றியது வேறு, டின்னில் கொண்டுபோவது வேறு என்று யாழினி ஒரு வழி கண்டுபிடித்தாள். குடித்தேன்.

பீர் எனக்குப் புதிது இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் அந்தக் காலத்தில் கறுப்பு ஸ்டவுட் கொடுப்பார்கள், உடம்புக்குச் சூடு என்று. இரண்டு பிள்ளைக்கும் குடித்தேன். அது இனிப்பும் கரியுமாக இருக்கும். இது வேறு. நிறம் தேங்காய் எண்ணெய் உருகினது போல, மேலே இரண்டு விரல் வெள்ளை நுரை. மூக்கருகே கொண்டுபோனதும் பம்ளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் வெட்டிப் போட்ட பச்சைப் புல். வாயில் வைத்தால் முதலில் குளிர்ச்சி மட்டும், தண்ணீர் மாதிரி. சீமைத் தண்ணீர் என்று விழுங்கினால், விழுங்கிய பிறகு நாக்கின் அடியிலிருந்து கசப்பு எழுந்து வருகிறது. பாகற்காயின் கசப்பு இல்லை. வேப்பம்பூ ரசத்தின் கசப்பு. வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகிறது, இனிப்பே இல்லை. இரண்டாவது வாய் முதல் வாயைவிட நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது.

"இதுதான்" என்றேன். "இந்தக் கசப்பு அவருக்குப் பிடிக்கும். இவர்தான், பாருங்க" என்று கைப்பையிலிருந்து படத்தை எடுத்து வைத்தேன். மகள் கல்யாணத்தில் எடுத்த படம், அவருக்கு ஐம்பது வயது. சாவுச் செய்திக்கும் இதைத்தான் போட்டோம்.

ஆ கியோங் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இவரா! மூலை மேசைக்காரரு. போன மாசங்கூட வந்தாரே."

ராசம்மாவின் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை கீழே விழுந்தது. பிளாஸ்டிக், உடையவில்லை.

"தவுக்கே, தாத்தா செத்து பதினோரு மாசம் ஆவுது" என்றாள் யாழினி.

ஆ கியோங் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையிலிருந்த துணியை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் பொய் சொல்லல. மாசத்துல மொத ஞாயித்துக்கெழம. ஒரு மணிக்கு வருவாரு."

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. சுவர்க் கடிகாரத்தில் 12.35.

"அத்தான்தான் அக்கா" என்று ராசம்மா அழத் தொடங்கினாள். "நடையத் தாண்டாம சுத்திக்கிட்டு இருக்காரு. நான் அப்பவே சொன்னேன்ல, அந்தச் சுருட்டப் பாத்ததும் சொன்னேன்ல."

"வாய மூடு. தவுக்கே, வந்து என்ன செய்வாரு?"

"பேச மாட்டாரு ஆயா. ரெண்டு டம்ளர் சொல்லுவாரு. ஒண்ண எதுத்தாப்புல வச்சுருவாரு, ஆளு இல்லாத நாக்காலிக்கு நேரா. அப்புறம் எந்திரிச்சு வெளிய போயி கடலப் பாத்துக்கிட்டு நிப்பாரு. மழ பேஞ்சாலும் நிப்பாரு. ஒரு கால் மணி நேரம். திரும்பி வந்து மேசைய தட்டுவாரு. டக், டக், டக். அதுக்கப்புறந்தான் ஒக்காந்து குடிப்பாரு. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும், ஆனா கஸ்டமராச்சே."

மூன்று தட்டு. என் முதுகெல்லாம் சில்லிட்டது. பயத்தால் என்று ராசம்மா நினைத்தாள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். தனக்குத்தானே படையல் வைத்துக்கொள்ளும் ஆவியை யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? எதிர் நாற்காலியில் வைக்கிற டம்ளர்தான் செத்தவருக்கு. வெளியே போய் நின்றுவிட்டு வந்து தட்டுகிறவன் உயிரோடு இருப்பவன். அதுவும் என் அம்மாவின் பழக்கம் தெரிந்தவன், என் வீட்டில் வளர்ந்தவன்.

"புருவத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.  

"ஆமா ஆயா. எடது புருவம். நடுவுல முடி இல்ல, வெட்டுன மாதிரி."

என் வீட்டுக்காரருக்குப் புருவத்தில் வெட்டு கிடையாது. குமரனுக்கு உண்டு. ஏழு வயதில் ரப்பர்ப் பால் சேர்க்கிற பீங்கான் மங்கின் மேல் விழுந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாலு தையல். தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான்.

வருவது குமரன்தான் என்று ராசம்மாவிடம் சொன்னேன். யாழினியிடம் சொன்னேன். மாமா போனபோது யாழினிக்கு ஐந்து வயது. அதைக் கேட்டு அவள் சொன்னாள்: "பாட்டி, அப்ப நம்ம ஆவணி மாசம் வைக்கிறது..." அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்திய இடத்தில்தான் நானும் நின்றுகொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு, பெற்றவள் பத்தொன்பது முறை விளக்கேற்றிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். என்னோடு வெளியே நின்றது யார்? சாகிற வரை ஒவ்வொரு வருடமும் என் வீட்டுக்காரர் நின்றார். கைகட்டி நின்றார். டம்ளர் குறையவில்லையே என்று நான் அழுதபோது முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மூலை மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். படத்தை மேசையில் வைத்தேன். இரண்டு டம்ளர் ஊற்றச் சொன்னேன். கூரைத் தகரத்தில் மழை பெரிதாக விழுந்துகொண்டிருந்தது.  ஒரு மணி ஆனது. ஒன்று ஐந்து ஆனது.

ஒன்று பத்துக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மழைச் சட்டையோடு ஒருவர் உள்ளே வந்து, அதன் தலைமூடியைப் பின்னால் தள்ளினார். என் வீட்டுக்காரர் ஐம்பது வயதில் எப்படி இருந்தாரோ அப்படி. அதே நெற்றி, அதே தோள் சரிவு. மேசையிலிருந்த படத்துக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ராசம்மா முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். ரப்பர்ச் செருப்பு, சேறு. தரையில் ஈரத் தடம் பதிந்தது. "தரையில படுது அக்கா" என்று முணுமுணுத்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். திரும்பினார். வந்த வழியே வெளியே போய்விட்டார். மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது.

எழுபத்தொரு வயதில் நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வாசலுக்கு வந்துவிட்டேன். மோட்டார் மீன் கிடங்கு வளைவு வரை போய்விட்டது. "குமரா!" என்று கூப்பிட்டேன். ஜெட்டியில் காலையில் கூப்பிடாமல் வைத்திருந்ததையும் சேர்த்துக் கூப்பிட்டேன். மோட்டாரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தபடியே மழைக்குள் நின்றது. ஹமீது தேத்தண்ணீர்க் கடையிலிருந்து ஓடிவந்து எனக்குக் குடை பிடித்தான். அந்த விளக்கை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். பிறகு அது திரும்பியது.

இப்போது பெயரை எழுதுகிறேன். அன்று கடைசியாக வந்தவர் என் மகன் குமரன்.

மேசைக்கு வந்தான், உட்காரவில்லை. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"எனக்கு இங்கயும் வந்து காரியம் செய்யணுமாம்மா? வீட்டுல வருசா வருசம் செஞ்சது பத்தாதா?"

"யாருடா சொன்னா?"

"அப்பாதான். ஒவ்வொரு ஆவணிக்கும் வந்து சொல்லுவாரு. ஒங்கம்மா இந்த வருசமும் ஒனக்கு எல போட்டுட்டா, வெளக்கேத்திட்டா, நீ செத்தவன்தான்னு சொல்லிட்டா, வீட்டுப் பக்கம் வந்துறாதன்னு. உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சே பெத்தவ படையல் வைக்கிறாளேன்னு நான்..." 

"எனக்குத் தெரியாதுடா."

"என்ன தெரியாது?"

"நீ உசிரோட இருக்கன்னு தெரியாதுடா. படகு கவுந்துச்சுன்னு சொன்னாரு. மொட்ட போட்டுக்கிட்டு வந்தாரு."

அவன் படத்தைப் பார்த்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.  யாழினிதான் முன்னால் வந்து, "மாமா, நான் யாழினி" என்றாள். அவளைத் தூக்கி வளர்த்தவன் அவன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். படகு இயந்திரம் பழுது பார்க்கிறான். செல்வியைத்தான் கட்டியிருக்கிறான். இரண்டு பெண் பிள்ளைகள். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பாவை இந்த மேசையில்தான் பார்ப்பானாம். அப்பா இறந்ததைப் பத்திரிகையில் பார்த்து மாசாய்க்கு வந்தானாம். எங்கள் சாலை முனை வரை வந்து, மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினானாம். கொள்ளி வைக்க வேண்டியவன் சாலை முனையில் நின்றிருக்கிறான். கொள்ளி வைத்தது என் மருமகன்.

"அப்பா ஏம்மா அப்படிச் செஞ்சாரு?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. நான் சொன்ன சொல்லை அப்படியே எடுத்து எனக்கே செய்து காட்டினாரா, வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாரா, மாதத்தில் ஒரு நாள் மகன் தனக்கு மட்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டாரா? கேட்க ஆள் இல்லை. கோபத்தில் சொன்னது நான்தான். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கோபம் நாலு மாதத்தில் ஆறிவிட்டது. தேடிப் போய்க் கூட்டிவாருங்கள் என்று அவரை அனுப்பியதே நான்தான். இதையும் அவனிடம் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது. அதைக் கேட்டுத்தான் அவன் அழுதான்.

மேசையில் இரண்டு டம்ளரும் நுரை அடங்கி இருந்தன. வழக்கம்போல அவன் ஒன்றைப் படத்துக்கு நேராக நகர்த்தப் போனான். அதை நான் எடுத்துக் குடித்தேன். சூடேறிவிட்டதால் வாசனை அதிகம், கசப்பும் அதிகம். முழுவதும் குடித்தேன். இன்னொன்றை அவனிடம் தள்ளினேன். என் கையால் வைத்ததை என் கண் முன்னால் என் மகன் குடித்தான். டம்ளரில் ஒவ்வொரு விரலாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.15க்குப் புறப்பட்டு 6.50க்கு மாசாய் வந்து சேர்ந்தோம். கடைச் செலவு, மீன் வறுவலோடு, 214 வெள்ளி. ஆ கியோங் எனக்கு ஊற்றிய முதல் டம்ளருக்குக் காசு வாங்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொல். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, குடிக்காத ஆளைக் கூட்டிப்போங்கள். இந்த லாகரைக் குளிர்ச்சியாக ஒன்று, ஆறவிட்டு ஒன்று குடித்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு பானம். பசியோடு குடிக்காதீர்கள், கணவாய் வறுவல் 18 வெள்ளி, சுடச்சுடக் கொடுக்கிறார்கள். கோத்தா திங்கியிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காலை ஏழு மணிக்கு முன்னால் அந்தச் செம்பனைக் காட்டுக்குள் போகாதீர்கள். இன்னொன்றையும் சொல்கிறேன், இது பீர் குடிக்காதவர்களுக்கும். உடலைப் பார்க்காமல், ஒரு காகிதமாவது கையில் வாங்காமல், யார் சொன்னாலும் யாருக்கும் விளக்கேற்றாதீர்கள். சாவுப் பத்திரம் எங்கே என்று அன்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். உடல் இல்லாவிட்டால் ஏழு வருடம் ஆகும் என்றார். ஏழு வருடம் கழித்து நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

இதை எழுதுகிற இன்று மாசித் திதி முடிந்து ஒன்பது நாள். குமரன் வந்து செய்தான். மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். செல்வி என் காலில் விழுந்தாள், தூக்கிவிட்டேன். அவளை மன்னித்தாயிற்று. அவள் அம்மா சொன்ன கோழிக் கதையைக்கூட வாய்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். முனியம்மா உயிரோடு இருக்கிறாள், பேசினால் பதில் சொல்வாள். நான் சொன்ன சொல்லுக்கு என் மகன் என்னை மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டான், அது போதும்.

ஒருவர் மட்டும் பாக்கி. ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். இனிக் குறைய ஒன்றும் இல்லை. நான் மன்னிக்காத ஆளின் பெயர் லெட்சுமணன்.